வராதவர்களுக்கு ஒரு பங்கு

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம் இல்லை, ஒரு வேன். எல்லோரும் ஏறி உட்கார்ந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கதவு மட்டும் திறந்தபடி நிற்கும் வேன். டிரைவர் ஹாரன் அடிப்பார். யாராவது ஜன்னலில் தலையை நீட்டி, "எங்கங்க போனாங்க அந்தம்மா?" என்று கேட்பார்கள். அந்த அம்மா கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் நின்றுகொண்டு, பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்ட ஆளிடம் வாழையிலையை நீட்டிக்கொண்டிருப்பார்.

"வராதவங்களுக்குங்க. ரெண்டு கரண்டி போதும். அந்த அப்பளம் நொறுங்குனாலும் பரவால்ல, வைங்க."

நான் இறங்கிப் போய்க் கூப்பிடுவேன். எப்போதும் நான்தான் இறங்க வேண்டும். அவருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது என்பது பள்ளிக்கூடத்தில் எழுதாத சட்டமாகிவிட்டது. "நேரமாச்சு டீச்சர், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்பேன். அவர் திரும்பாமலே ஒரு விரலைக் காட்டுவார். "ஒரு நிமிஷம்."

அவருடைய ஒரு நிமிஷத்தில் நான் ஒரு வகுப்பின் தேர்வுத் தாள் மொத்தத்தையும் திருத்தியிருக்கிறேன். கணக்கு சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு நிமிஷம் என்றால் எவ்வளவு என்று தெரியாதா? தெரியும். வேண்டுமென்றேதான் செய்வார்.

இப்போது அவர் ஓய்வு பெற்று, மகளோடு ஓசூரில் இருக்கிறார். அங்கே எந்த வேன் யாரை ஏற்றிக்கொண்டு நிற்கிறதோ, பாவம்.

நாங்கள் வேலை பார்த்தது இலுப்பூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். அவர் கணக்கு, நான் விலங்கியல். அவர் ஆவூர்ப் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். காதுகுத்து, புதுமனை புகுவிழா, கோயில் தேர், பயிற்சி வகுப்பு, எதையும் விடமாட்டார். போன இடத்தில் அவர் எதைப் பார்த்தார், எதைச் சாப்பிட்டார் என்பதைவிட, வராதவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் அவருக்கு முக்கியம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், யார் வரவில்லை என்று பார்ப்பார். லீவு போட்ட டீச்சர், வாசலில் நிற்கும் வாட்ச்மேன், காய்ச்சலில் கிடக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை, பிள்ளைப்பேற்றுக்குப் போன ஆயாவின் மகள் என்று விரல் மடக்குவார்.

அவர் கைப்பை ஒரு சின்ன குடோன். மடித்து வைத்த பாலிதீன் பைகள், ரப்பர் பேண்டுகள், பழைய செய்தித்தாள், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எவர்சில்வர் டப்பா, ஒரு நூல்கண்டு. அடியில், வேளாங்கண்ணியில் வாங்கிய தீர்த்தக் குப்பி. மாதா உருவத்தில் வார்த்த பிளாஸ்டிக் குப்பி அது. உள்ளே இருப்பது வெளியே தெரியும். தலையில் இருக்கும் நீலக் கிரீடத்தைத் திருகினால் அதுதான் மூடி. தீர்த்தம் தீர்ந்து அடியில் சில சொட்டு மட்டும் மிஞ்சிய பிறகும் அதை அவர் தூக்கிப் போடவில்லை. மாதாவைக் குப்பையில் போட முடியுமா என்பார். நியாயம்தான். ஆனால் அந்தப் பையில் இடம் போதாமல், அவருடைய பொட்டலங்களில் பாதி என் பைக்கு வந்துவிடும்.

அப்படித்தான் ஒருமுறை புதுக்கோட்டையில் நடந்த பயிற்சி வகுப்பில் கொடுத்த உளுந்து வடை, லீவில் இருந்த இங்கிலீஷ் டீச்சருக்காக, என் பையில் ஏறியது. அதன் கீழே பிளஸ் டூ பிள்ளைகளின் விடைத்தாள்கள் இருந்தன. வடை எண்ணெய் பொட்டலத்தைத் தாண்டி, தவளையின் இதயம் வரைந்திருந்த பக்கங்களில் எல்லாம் இறங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தவளை இதயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நான் குதித்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து வடையை முகர்ந்து பார்த்து, "வடைக்கு ஒண்ணும் ஆகல டீச்சர்" என்று என்னைத் தேற்றினார்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவர் கொண்டுவரும் எதுவும் உருப்படியாக வந்து சேராது. அப்பளம் தூளாகிவிடும். ரசம் சாம்பாரோடு கலந்துவிடும். தேரில் இருந்து கேட்டு வாங்கிய ரோஜாப்பூ, என் கைக்கு வரும்போது கீரை மாதிரி வதங்கியிருக்கும். நான் காய்ச்சலில் படுத்திருந்த சமயம், எங்கள் தலைமையாசிரியையின் பணி நிறைவு விருந்து புதுக்கோட்டை ஓட்டலில் நடந்தது. மறக்காமல் என் பங்கை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். ஐஸ்கிரீம். புதுக்கோட்டையில் இருந்து டவுன் பஸ்ஸில், வெயிலில், நின்றுகொண்டு, ஐஸ்கிரீம் கொண்டுவந்திருக்கிறார்!

"இது பாலுங்க" என்றேன்.

"ஐஸ்கிரீமா இருந்துச்சு டீச்சர். இலுப்பூர் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. குடிங்க, பிஸ்தா."

காய்ச்சலோடு அந்த வெதுவெதுப்பான பச்சை நிறப் பாலை அவர் கண் முன்னாலேயே குடித்தேன். குடித்து முடிக்கும் வரை அவர் நகரவில்லை. டப்பாவைக் கழுவி வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஏன் இப்படி உயிரை எடுக்கிறீர்கள் என்று ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்டேவிட்டேன். அவர் ரப்பர் பேண்டுகளைச் சிக்கெடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். வீட்டில் ஏகப்பட்ட பிள்ளைகள். எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் ஆட்டுக்கும் குஞ்சு குளுவானுக்கும் காவலாக வீட்டில் நிற்க வேண்டும். முறை போட்டு நிற்பார்களாம். "போனவங்க வெறுங்கையோட வந்தா எங்க ஆத்தா வீட்டுக்குள்ளயே விடாது டீச்சர். பாத்தத வாயால சொல்லணும், திண்டதக் கையால குடுக்கணும். ஒரு தடவ ராட்டினம் சுத்திட்டு வந்தேன். அத எப்புடிக் கொண்டாரது? எங்கக்காளப் புடிச்சுத் தலசுத்த வாந்தி எடுக்கிற வரைக்கும் சுத்திவிட்டேன்."

கேட்டதும் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் சள்ளை குறைந்துவிடுமா? அடுத்த கல்யாணத்திலும் நான்தானே வேனிலிருந்து இறங்கவேண்டும்?

இவருக்கும் எனக்கும் உண்மையான சண்டை வந்தது ஒரே ஒருமுறை. அதற்குக் காரணம் கடல்.

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது என்பது இலுப்பூர்ப் பக்கத்தில் பாதிப் பேருக்கு உறைக்கவே உறைக்காது. நாங்கள் பொட்டலும் கண்மாயும் பாறையும் பார்த்து வளர்ந்தவர்கள். அறந்தாங்கி தாண்டிப் போனால் கடல் வரும் என்பது தெரியும், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்தக் கடலோடு ஒரு பாக்கி இருந்தது. கடலில் தானாக ஒளிவிடும் நுண்ணுயிர்களைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். புத்தகத்தில் படம் இருக்கும். அச்சில் அது சாம்பல் நிறத்தில் ஒரு கறை. நான் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, வால் ஒன்று வைத்து, சுற்றிலும் கோடு கோடாக வெளிச்சம் வரைவேன். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து அதே கேள்வியைக் கேட்கும்.

"நீங்க பாத்துருக்கீங்களா டீச்சர்?"

"படிச்சிருக்கேன். உக்காரு."

அந்தப் பிள்ளை உட்காரும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஏமாற்றத்தை மரியாதைக்காக மறைத்துக்கொண்டு உட்காரும். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். பார்த்தேவிட வேண்டும் என்று கிளம்பியதில், ஒருமுறை மழையில் நின்றுபோனது, இன்னொருமுறை நான் போய்ச் சேர்வதற்குள் நிலா பெரிதாகி, அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாமல் போனது. என் கண் வேறு சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட கண். வருஷத்துக்கு வருஷம் கண்ணாடியின் தடிமன் ஏறிக்கொண்டே போனது. பார்ப்பதாக இருந்தால் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும் என்கிற பதைப்பு எனக்கு இருந்தது. வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் பொருளியல் சாரின் மைத்துனர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மணமேல்குடிக்கு அங்கிட்டு ஒரு சின்ன மீனவக் குப்பத்தில் கயாக் வைத்து நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு. பகலில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப் போவார். தண்ணீர் ஒளிவிடும் நாட்களில் மட்டும் இருட்டிலும் உண்டு. ஒரு அமாவாசையை ஒட்டி அவரிடமிருந்து போன் வந்தது.

"ரெண்டு நாளாத் தண்ணி நல்லா மினுங்குது. மடவ மீனு ஓடுனா தீக்குச்சி கிழிச்ச மாரிக் கோடு விழுது. காத்து திரும்பப் போவுது, நாளைக்கே வந்துருங்க. விட்டா இந்த வருசம் கெடையாது."

நான் ஆட்களைச் சேர்த்தேன், வேன் பேசினேன், சீக்கிரம் போய் முதல் படகில் ஏற வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். கணக்கு டீச்சரிடம் தனியாக, கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "இன்னிக்கு ஒருநாள் மட்டும் எங்கயும் நிக்கவேண்டாம் டீச்சர். ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"நான் எங்க டீச்சர் நிக்கிறேன்?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

அறந்தாங்கியில் சாப்பிட நிறுத்தினோம். பரோட்டா கடை. எல்லோரும் கைகழுவி ஏறிவிட்டோம். வேன் கதவு திறந்தே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, இறங்கக் கூடாது, இன்றைக்கு நான் இறங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் இறங்கவில்லை. கடைசியில் நான்தான் இறங்கினேன். கல்லில் பரோட்டா அடுக்கடுக்காக வெந்துகொண்டிருந்தது.

"யாருக்குங்க இது? நம்ம திரும்பிப் போய்ச் சேர நடுராத்திரி ஆகும்."

"வாட்ச்மேனுக்கு. அவரு நடுராத்திரியில முழிச்சுத்தான இருப்பாரு?"

அந்த சால்னாப் பொட்டலம் என் மடியில்தான் பயணம் செய்தது.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மற்றவர்கள் ஜோடி ஜோடியாக ஏறிப் போய்விட்டார்கள். எனக்கும் கணக்கு டீச்சருக்கும் கடைசிக் கயாக். கயாக்காரர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு விதிகளைச் சொன்னார். டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் எடுக்கக் கூடாது, ஒரு பக்கமாகச் சாயவே கூடாது. கழிமுகத்தைத் தாண்டினால்தான் ஒளி தெரியும். கரையோரத்தில் படகுகளின் டீசல் மிதப்பதால் ஒன்றும் தெரியாது. பிறகு என்னைப் பார்த்து, "கண்ணாடிய நூலு போட்டுக் கட்டிக்கிறது நல்லது டீச்சர்" என்றார்.

கணக்கு டீச்சர் உடனே பையைத் திறந்து நூல்கண்டை நீட்டினார். "இந்தாங்க டீச்சர், ஒரு நிமிஷம், நானே கட்டிவிடுறேன்."

அந்த 'ஒரு நிமிஷம்' என்ற சொல் என் காதில் விழுந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. "வேணாம், ஏறுங்க" என்றேன். இதை அவர் பிற்பாடு ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக ஒரு சண்டை போட்டிருப்பேன்.

நான் முன்னால், அவர் பின்னால். பையைக் கரையிலேயே வைக்கச் சொல்லியிருந்தேன். வைத்துவிட்டார், ஆனால் மாதா குப்பியை மட்டும் லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அது தெரியாது. கரையில் எரிந்த டியூப் லைட்டின் வெளிச்சம் இன்னும் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீர். நாலு தடவை துடுப்புப் போட்டிருப்போம். தூரத்தில் இருட்டுக்குள்ளிருந்து, முன்னால் போனவர்கள் "ஆத்தாடி!" என்று கத்துவது கேட்டது. நான் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டேன்.

"டீச்சர், கொஞ்சம் நிறுத்துங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னங்க?"

"குப்பிக்குள்ள தீர்த்தம் அடியில கொஞ்சம் இருக்கு. அதோட கடல்தண்ணியக் கலந்துறக் கூடாது. கரையில ஊத்துனா கால்ல மிதிபடும். இங்க ஊத்திருறேன், யாரு காலும் படாது. ஒரு நிமிஷம்."

நான் வேண்டாம் என்று திரும்பினேன். அவர் தீர்த்தத்தைத் துளி தெறிக்காமல், மரியாதையாக, தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஊற்றுவதற்காக முழு உடம்பையும் சாய்த்தார். திரும்பிய நானும் அதே பக்கம் சாய்ந்துவிட்டேன். கயாக் எங்களைக் கொட்டிவிட்டு இலேசாகப் புரண்டது.

சேற்றில் கால் ஊன்றி எழுந்தபோது முகத்தில் கண்ணாடி இல்லை. டியூப் லைட் ஒரு பெரிய வெள்ளைப் பூசணிக்காயாகத் தெரிந்தது. கயாக்காரர் டார்ச்சோடு ஓடிவந்தார். காலால் துழாவினோம், கையால் துழாவினோம், சேறுதான் வந்தது. கணக்கு டீச்சர் கழுத்தளவு உட்கார்ந்து தடவினார். கிடைத்ததெல்லாம் சிப்பி. ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டி, "இதுவா டீச்சர்?" என்றார். சிப்பியைக் காட்டி இதுவா என்றால் நான் என்ன சொல்வது?

கயாக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கண்ணு தெரியாம உள்ள வரவேணாம் டீச்சர். அங்க ஆழம். எனக்குப் பயமாருக்கு."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. போனாலும் நான் எதைப் பார்ப்பேன்? கையை நீட்டினால் விரல்களே கலங்கித் தெரிகிற கண் என்னுடையது. அப்படியே கரையேறி நின்று, தண்ணீர் சொட்டச் சொட்ட, கணக்கு டீச்சரிடம் கத்தினேன். வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

"நீங்க போங்க! போய் நல்லாப் பாத்துட்டு வாங்க! என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க!"

அவர் போய்விட்டார்! "நீங்கள் இல்லாமல் நான் எப்படி" என்று ஒரு வார்த்தை, சும்மா மரியாதைக்காவது சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. கயாக்காரரோடு ஏறி உட்கார்ந்து, துடுப்பைக்கூட அவர் கையிலேயே விட்டுவிட்டு, போய்விட்டார்.

சவுக்கு மரத்தடியில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஒரு துண்டு கொடுத்தார். கடல் பக்கமிருந்து சத்தம் மட்டும் வந்தது. பொருளியல் சார் சின்னப்பிள்ளை மாதிரிக் கூவினார். பொருளியல் சார்! பாடம் நடத்தும்போது சாக்பீஸ்கூட தூங்கிவிடும், அவர் கூவுகிறார். யாரோ "மீனு, மீனு, அந்தா ஓடுது பாருங்க" என்றார்கள். அந்த உயிரின் பெயர்கூடத் தெரியாதவர்கள், அது ஒருசெல்லா பலசெல்லா என்று தெரியாதவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் நடத்துகிற நான் சால்னா வாடையோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷமும் ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். நானும் அதே பதிலைச் சொல்லுவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

திரும்பி வந்தவர்கள் ஒரே சமயத்தில் பேசினார்கள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது. "அப்படி ஒண்ணும் பெருசா இல்லீங்க" என்றார் பொருளியல் சார். அவருக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

கணக்கு டீச்சர் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தார். "இங்கிட்டு வாங்க டீச்சர்."

"எங்க?"

"வேனுக்குப் பின்னாடி. அந்த லைட்டு இங்க விழுகுது."

இழுத்துக்கொண்டு போனார். வேனுக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்பின் இருட்டில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மூடினேன், சண்டை போடத் தெம்பு இல்லாததால். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எதையோ எடுக்கும் சத்தம் கேட்டது.

"கயாக்காரர ஒரே எடத்துல நிறுத்தச் சொல்லி, நல்லா மினுங்குற தண்ணியாப் பாத்துப் பாத்துக் குப்பியில மோந்தேன். நானு நிமிந்து அங்கிட்டு இங்கிட்டுப் பாக்கக்கூட இல்ல டீச்சர். வராதவங்களுக்கு எடுத்தாச்சு."

"நான் வரலையாக்கும்?" என்று சீறினேன். "வேன் பேசுனதே நான்தான!"

"வந்தீங்க. பாக்கலையே. அதுவும் வராத கணக்குத்தான்."

குப்பியைக் குலுக்கினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருட்டுக்குள் ஏதோ ஒரு வெளிர்ப்பு, கண்ணைக் கசக்கினால் வருமே, அது மாதிரி. ஐஸ்கிரீம் ஞாபகம் வந்தது. இவர் கொண்டுவந்தது எது உருப்படியாக வந்திருக்கிறது?

"தெரியலங்க" என்றேன். "விடுங்க. போவோம்."

அவர் விடவில்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து குலுக்கினார். இன்னும் பக்கத்தில். அப்போதுதான் எனக்கு என் கண் ஞாபகம் வந்தது. தூரத்துக்கு உதவாத கண் அது. ஆனால் கண்ணாடி இல்லாமல், ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில், ஊசியில் நூல் கோக்க வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குப்பியை அவர் கையிலிருந்து பிடுங்கி, மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நானே குலுக்கினேன்.

மாதாவின் அங்கி மடிப்புக்குள் அவை எரிந்தன. ஒளி என்று பொதுவாக இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக. வறுக்காத ரவை அளவுதான் இருக்கும். ஒவ்வொரு ரவையும் நீலமாக ஒருதரம் பளிச்சிட்டு அணைந்தது. இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று, கிரீடம் வரை. குலுக்கியதும் கூட்டமாக எரிந்து, பிறகு பிந்தியது ஒன்று தனியாக எரிந்தது. அதற்குப் பிறகு மேலும் பிந்திய ஒன்று. அது உயிர். என் விரலுக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக்குக்குள், உயிரோடு இருந்தது. கடலுக்குள் போனவர்கள் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். நான் அந்த உயிர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுதா டீச்சர்?" என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

தலையை மட்டும் ஆட்டினேன். இருட்டில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அவர் திரும்பவும், "தெரியுதா?" என்றார். "தெரியுது தெரியுது, சும்மா இருங்க" என்றேன். கண்ணிலிருந்து வழிந்தது, அதைத் துடைத்தால் குப்பியை விலக்க வேண்டுமே என்று துடைக்கவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கல்யாணத்தில் இன்னும் நான்கு பொட்டலம் சேர்த்து என் பையில் ஏற்றுவார் என்று சொல்லவில்லை.

"சரி, குடுங்க டீச்சர். விடியிறதுக்குள்ள செத்துருமாம். வாட்ச்மேனுக்குக் காட்டணும்."

"இருங்க."

குலுக்கினேன். எரிந்தன. வால் ஒன்று இருக்க வேண்டுமே, கரும்பலகையில் நான் வைக்கிற அந்த வால், அது தெரிகிறதா என்று குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேனில் எல்லோரும் ஏறும் சத்தம் கேட்டது. இன்ஜின் ஓட ஆரம்பித்தது. கணக்கு டீச்சரும் போய், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பரோட்டாப் பொட்டலத்தோடு திறந்த கதவுப் படியில் நின்றார். ஹாரன் அடித்தது. ஜன்னலில் யாரோ தலையை நீட்டி, "எங்கங்க போனாங்க அந்தம்மா?" என்றார்கள்.

அவர் படியிலிருந்து இறங்கி வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்று, சலிப்போடு சொன்னார்.

"நேரமாச்சு டீச்சர். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, குப்பியை இன்னொருதரம் குலுக்கினேன்.